தெரிந்த கம்பி

காலை ஏழு நாற்பத்தொன்றுக்கு
விம்மெராவில் மூன்று வீடுகள் இருண்டன.
இருண்டன என்றால்,
நல்ல வெயில்; ஒருவரும் கவனிக்கவில்லை
ஓர்லா க்ரோஸரின் கெட்டிலைத் தவிர.
அது பாதிக் கொதியில் வாயை மூடிக்கொண்டது.
அவள்தான் போன் செய்தாள்.

பதினொரு வருடம் முன்பு நானே இழுத்துக் கட்டிய லைன்.
ஒற்றை எஃகுக் கம்பி, பென்சில் கனம்கூட இல்லை,
தூணுக்குத் தூண் முந்நூறு மீட்டர்.
போவதற்குத்தான் கம்பி;
மின்சாரம் திரும்பி வருவது மண் வழியாக.
இரண்டுக்கும் நடுவே
பயறு விளைகிறது, ஆடு மேய்கிறது,
மருந்தடிக்கும் விமானம் போய்வருகிறது
செடிக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில்.

ஃப்யூஸை இறக்கிவிட்டு வயலுக்குள் நடந்தேன்.
அறுந்த முனை பயற்றுக்குள் கிடந்தது.
அதில் மஞ்சள் பெயிண்ட், நகக்கண் அளவு.

விமானம் மண் ஓடுதளத்தில் நின்றிருந்தது, முழுசாக.
கண்ணாடிக்கு முன்னால் கம்பி வெட்டும் கத்தி
தன் வேலையைச் செய்திருந்தது.
வால் துடுப்பின் நுனியை மட்டும் எதுவோ கடித்திருந்தது.
டெஸ்மா ஹைன்ரிக் லாரி டயரில் சாய்ந்து
ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.
ரொம்ப நேரமாக.

பார்க்கவில்லையா என்று கேட்கக் கூடாது.
கேட்டேன்.

மடியிலிருந்த வரைபடத்தை நீட்டினாள்.
என் லைன் அதில் இருந்தது,
சிவப்பு மையில், அவள் கையால், இரண்டு முறை அழுத்தி.
"பதினாறு தடவை இதன் அடியில் போனேன்.
ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன், கம்பி, கம்பி என்று.
பதினேழாவது, ஓரத்தில் விட்டுப்போன ஒரு துண்டு.
டேங்கில் நாற்பது லிட்டர் மிச்சம்.
இதை முடித்தால் டீ என்று நினைத்தேன்.
அவ்வளவுதான் நினைத்தேன்."

நான் பதில் சொல்லவில்லை.
இருட்டில் கால் விரலை இடித்துக்கொள்வது
எப்போதும் நம் வீட்டு நாற்காலியில்தான்.

மதியத்துக்குள் கட்டி முடித்தேன்.
இறங்கி, இருபதடி தள்ளி நின்று அண்ணாந்தேன்.
தூண் இருந்தது. வானம் இருந்தது.
கட்டியவன் நான்,
எனக்கே தெரியவில்லை.

தூரத்தில் ஓர்லா வீட்டு வாசல் விளக்கு
பட்டப்பகலில் எரிந்தது.
"உயிர் வந்துவிட்டதா?" என்றாள் டெஸ்மா, கம்பியைக் கேட்டாள்.
வந்துவிட்டது என்றேன்.
ஆரஞ்சைப் பிய்த்துப் பாதி கொடுத்தாள்.
மருந்து வாடை அடித்தது.
தின்றேன்.