ஏழு நாளுக்கு மூத்தவை

பீச் ஸ்திரீட், சரக்கு முகவர் அலுவலகம், இரண்டாம் மாடி.
பதினோரு கணினிகள்.
பதினொன்றுக்கும் சி டிரைவ் கழுத்துவரை.

நான் கொண்டுவந்த துப்புரவு மென்பொருள் கெட்டிக்காரன்.
உலாவிகளையெல்லாம் அதற்குத் தெரியும்,
எந்தக் குப்பை எந்த மூலையில் ஒதுங்கும் என்பதும்.
இந்த அலுவலகத்தின் பில் போடும் புரோகிராமை மட்டும்
தெரியாது.
கூலிமில் ஹாலிம் என்றொருவர்
பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது.
ஹாலிம் இப்போது பெர்த்தில்,
போன் எடுப்பதில்லை.

ஆகவே நான்தான் அதற்கு விதி எழுத வேண்டும்.

விதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
சதுர அடைப்புக்குள் ஒரு பெயர்.
அடுத்த வரியில் எங்கே தேடுவது,
அதற்கடுத்து எதை எடுப்பது.
பெயர் தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரம்.
ஜோசியர் கேட்கும் நட்சத்திரம் ஒருவரைத்தான் பிடிக்கும்,
இது வருகிறவர் எல்லாரையும்.

போன மாதம் பாயான் லெப்பாசில்
ஒரு சாய்கோட்டை விட்டுவிட்டேன்.
நட்சத்திரம் ஒரு மாடி மேலே ஏறிப் போய்
பல் கிளினிக்கின் மூன்று மாத எக்ஸ்ரேக்களைத் தின்றுவிட்டது.
சிரிக்காதீர்கள்,
அந்த டாக்டர் சிரிக்கவில்லை.
அன்றிலிருந்து முதலில் ஒத்திகை:
அழிக்காதே, காட்டு.

காட்டியது.
நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
குறிப்புப் பெட்டியில் யார் எதைத் தட்டினாலும்
ஹாலிமின் புரோகிராம் ஒரு நகல் எடுத்து
எங்கோ செருகி வைத்து
மறந்துபோகிறது.

ஒன்பதாவது கணினி.
நாற்காலியில் பூப்போட்ட மெத்தை,
விசைப்பலகை ஓரத்தில் கோடாலித் தைலம்.
ஒரே சாடையில் நாற்பத்து மூன்று கோப்புகள்.
நான் எதையும் திறக்கவில்லை.
பட்டியலின் ஓரத்திலேயே முதல் வரி தெரிகிறது,
அதற்கு நான் என்ன செய்ய?
மலாயில், மரியாதையாக,
வேலையிலிருந்து விலகிக்கொள்ள விரும்புவதாக.
சிலதில் 'துவான்' என்ற விளி மட்டும், பிறகு வெள்ளை.
சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரே நாளில் ஆறு.
பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை.
கடைசி, இந்தச் செவ்வாய்க்கிழமை.

"எல்லாமே போயிருமா?"
பின்னால் வசந்தமலர், கையில் மைலோ டின்.
ஏழு நாளுக்கு மேலே ஆனதெல்லாம் போயிரும் என்றேன்.
கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டாள்:
புதன், வியாழன், வெள்ளி, இன்று.
"செவ்வாய்க்கிழமைது?"
இருக்கும். அடுத்த வாரம் போயிரும்.
"ம்," என்றாள்.
"சீனி கொஞ்சமா, நிறையவா?"

விதிவிலக்கு என்று ஒரு வரி எழுதலாம்.
இந்தக் கோப்புறையை மட்டும் தொடாதே என்று.
கை அதுவரை போனது.
கேட்காத ஒருத்திக்கு விலக்கு எழுத
நான் யார்?

அழுத்தினேன்.
பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்தது.
மீண்ட இடம் பதினோரு ஜிகாபைட்.
அதில் நாற்பத்திரண்டு கடிதங்களின் பங்கு
நாற்பத்திரண்டு கிலோபைட்.
ஒரு மாம்பழப் படத்துக்குக்கூடக் காணாது.

மிஸ்டர் ஓங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.
எண்ணைப் பார்த்தார், பிடித்திருந்தது.
வாரா வாரம் தானாக ஓடுமா? ஓடும்.
"அப்போ ஏழு நாள் எதுக்கு? மூணு போட்டா
இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்ல?"

பேன்ட்ரியில்
கோப்பையில் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி
நின்றது.

"ஏழுதான் பாஸ் முறை," என்றேன்,
"எல்லா இடத்திலும் ஏழுதான்."

அப்படி ஒரு முறை
எங்கும் கிடையாது.