கப்பல் அஸ்தமித்தது

கீழமாசி வீதி, வத்தல் கிட்டங்கிக்கு மேல்மாடி.
முப்பது நாற்காலி, பத்தொன்பது பேர்.
திரைக்குச் சிக்கந்தர் நாலு முழ வேட்டி கட்டியிருந்தார்.
ஜெர்மன் கடல் ஓடி ஓடி முடியும் இடத்தில்
விரற்கடை அகலத்தில் பச்சைக் கரை.

எழுத்து வரும்போதெல்லாம் எழுந்து தமிழில் சொல்வது என் வேலை.
பகலில் காளவாசலில் நர்சுகளுக்கு ஜெர்மன் நடத்துகிறேன்:
எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது.
இந்தப் படத்தில் அந்த ரெண்டு கேள்வியும்
ஒருதரம்கூட வரவில்லை.

நூறு வருசத்துக்கு முந்தைய அச்சு.
எஸ்ஸும் எஃப்பும் இரட்டைப் பிள்ளைகள்.
எவன் எவனென்று பிடிபடுவதற்குள்
அட்டை போய்க் கடல் வந்துவிடும்.

நீர்மூழ்கி முங்கியது. மேலே தேடுகிறார்கள்.
மாலுமி ஒருவன் உதட்டில் விரல் வைக்கிறான்,
சத்தமே இல்லாத படத்தில்.
அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ சாக்கை உதறக்
கமறல் ஏறியது.
எல்லோரும் வாயைப் பொத்தினோம்.
ஒருவர் தும்மிவிட்டார்.
திரும்பி அவரை முறைத்தபோதுதான் உறைத்தது
எந்தக் கட்சியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

பிறகு சரக்குக் கப்பல்.
‘மூவாயிரத்துத் தொள்ளாயிரம் டன்,’ வாசித்தேன்.
‘இந்தியாவிலிருந்து. நிலக்கடலை.’

நாற்காலி இறக்க வந்து வாசலில் நின்றுவிட்ட ஒச்சு கேட்டான்:
‘தொலியோடவா, பருப்பா?’
போடவில்லை என்றேன்.
‘தொலின்னா கொஞ்ச நேரம் மிதக்கும்.’
விரல் மடக்காமல் கணக்கும் சொன்னான்:
எம்பது கிலோ சிப்பம்,
நாப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
அது கப்பலோட அளவு, சரக்கோட எடை இல்லப்பா என்றார் சிக்கந்தர்.
அவன் காதில் வாங்கவில்லை.
‘எத்தன பெடறி ஏத்துச்சோ.’

மூக்கு இறங்கியது. விசிறி வெறும் காற்றில் சுற்றியது.
அட்டையில் ஒரே ஒரு வினைச்சொல்.
போன செவ்வாய்தான் நடத்தினேன்,
ஜன்னலில் நாகமலையைக் காட்டி:
சூரியன் அதற்குப் பின்னால் போவதற்கும் இதே சொல்.
வாய் பழக்கத்தில் போய்விட்டது.
‘கப்பல் அஸ்தமித்தது.’

யாரும் சிரிக்கவில்லை.
தண்ணீரில் கிடந்தவர்கள் என்னவோ கத்தினார்கள்.
அவர்கள் வாய்க்கு அட்டை போடவில்லை படமெடுத்தவன்.
சிக்கந்தர் என்னைப் பார்த்தார்.
கையை விரித்தேன்.

ஒன்பதரைக்குத் தெருவில் லாரி ஆரன்.
துண்டை உதறிக்கொண்டு ஒச்சு இறங்கிப் போனான்.
அதற்கப்புறம் படத்துக்குச் சத்தம் இருந்தது.
தொப்.
தரை வழியே, நாற்காலிக் கால் வழியே,
தொப்.
கேப்டன் தொப்பியைத் தூக்கி ஆட்டுகிறான்,
துறைமுகத்தில் பூ எறிகிறார்கள்,
நான் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அறுபத்தொன்றில் ஓர் அட்டை வந்தது, பெரிதாக,
நிறைய ஆச்சரியக் குறிகளோடு.
எழுந்திருக்க மறந்துபோனேன்.