வலது காது

லீலோ சந்தையில் வாங்கினேன், முப்பத்தைந்து லரி.
ராமிஸ் நாற்பது சொன்னான்.
மழை வந்தது, இறங்கினான்.

எட்டு ஜி.பி. என்று அட்டையில் தங்க எழுத்து.
சியாத்துராவுக்கு வந்து பாட்டேற்றிப் பார்த்தால்
நாலுக்கு மேல் போனதெல்லாம்
ஆற்றில் கரைத்த புளி.

எங்கள் முப்பத்து மூன்று எழுத்தில் ஒன்றைக்கூட
அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.
பாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில்
கட்டம், கட்டம், கட்டம்:
ஆள் காலி செய்துபோன அடுக்குமாடியின் ஜன்னல்கள்.
எதற்குள் யார் என்று தட்டினால்தான் தெரியும்.
இன்றைக்கு அழுகை வேண்டாம் என்று
நினைத்துக்கொண்டு தட்டுகிற காலையில்
சரியாக அழுகிறவள் வந்து கதவைத் திறப்பாள்.

ஒலியை ஏழில் வைத்தால் கொசு.
எட்டில் வைத்தால் இடி.
நடுவே ஏழரை என்று ஒன்று இல்லாததுதான்
பெரிய ஏழரை.

பேட்டரிப் படத்தில் மூன்று கோடும் நிற்கும்.
நிற்கும்.
பிறகு உடம்புக்கு முடியவில்லை என்று
ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்.

இருந்தும்,
தாது கழுவும் கொட்டகைக்குள் கைபேசி கூடாது.
மேற்பார்வையாளர் வாசலிலேயே வாங்கிப்
பெட்டியில் போட்டுப் பூட்டுவார்.
இதைக் கையில் எடுத்துப் பார்த்தார்,
புரட்டினார், சிரித்தார். "இதுவா? கொண்டு போ, நதேலா."
மதிக்கப்படாத பொருளுக்கு
எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.

இதற்குள் யாரும் என்னைக் கூப்பிட முடியாது.
வங்கி தவணை கேட்காது.
போலந்தில் இருக்கும் மகன்
படித்துவிட்டான், பதில் போடவில்லை என்று காட்டும்
நீலக் குறிகள் கிடையாது.
மாங்கனீசுச் சேற்றில் இரண்டுமுறை விழுந்தது.
அடுப்போரம் காயவைத்தேன்.
இருமக்கூட இல்லை, பாடியது.

பிப்ரவரியில் வலது காது போயிற்று.
இயர்போன் மாற்றினேன், மறுபடி மாற்றினேன்.
கோளாறு துளையில்.

ட்சியூரி வீட்டுக் கல்யாணத்தில்
மூன்று ஆண்கள் பாடியதை
அவள் கொழுந்தன் இரண்டு மைக் வைத்துப் பதிந்திருந்தான்.
அடிக்குரல்காரர் நின்றது வலப்பக்கம்.
அவர் இப்போது இல்லை.
மேலே இரண்டு குரல் மட்டும்
தரை போடாத வீட்டில் நடப்பதுபோல்
கால் வைக்க இடம் தேடின.

நான் முனக ஆரம்பித்தேன்.
சல்லடை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?
காலையில் எட்டு மணிநேரம் அவர் இடத்தில் நின்றேன்,
மத்தியான ஷிப்டு என்றால் மத்தியானம்.
ஒருநாள் வீட்டுக்கு ஏறும் கம்பிவடப் பெட்டியில்
என்னை அறியாமல் வந்துவிட்டது.
கோச்சா கீழே எட்டிப் பார்த்தான்:
"யார் வீட்டு மாடு?"

இந்த அக்டோபரில் புதிது வாங்கினேன்.
அதே ராமிஸ். ஐம்பது லரி. மழை வரவில்லை.
எழுத்து தெரிகிறது, இரண்டு காதும் கேட்கிறது.
அடிக்குரல்காரர் திரும்பி வந்தார்.

வந்து, நான் ஏறுகிற இடத்தில் அசையாமல் நிற்கிறார்.
நான் நிற்கிற இடத்தில்
படியிறங்கிக் கிணற்றுக்குள் போகிறார்.
எட்டு மாதமாக நான் பாடியது
அந்தப் பாட்டே இல்லை.

அவருடையதுதான் சரி, சந்தேகமில்லை.
ஒன்பது தடவை கேட்டேன்.
வாய் மூடிக்கொண்டு, நல்ல விருந்தாளியாக.

புதிதில் கேட்கலாம்.
பழையதில் எனக்கு வேலை இருக்கிறது.

இரவு சார்ஜ் போட எடுத்தேன்.
ஒயர் ஒன்றுதான்.
பழையதற்கு முதலில்.