இருபத்தோராவது ஆள்

திங்கட்கிழமை புதிதாக ஒருத்தி சேர்கிறாள்.
எங்களிடம் இருப்பது இருபது லைசென்ஸ்.
இருபதும் நிரம்பிவிட்டது என்கிறது சர்வர்.
எண்ணிப் பார்த்தால்
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடைக்கு மேலே
இந்த மாடியில் உட்கார்ந்திருப்பது, என்னையும் சேர்த்து,
பதினாறு பேர்.

இன்னொன்று வாங்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.
"ஆளே உட்காராத சீட்டுக்கு நான் எதுக்கும்மா காசு கட்டணும்?
தேடிப் பாரு, எவனாவது தூங்கிட்டிருப்பான்."

தேடினேன்.
பட்டியலில் முதல் பெயர் அவருடையது.
திறப்பு விழாவன்று ஒருமுறை உள்ளே வந்தவர்
எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரத்தோடு
ஆறு வருடமாகத் தூங்குகிறார்.
தாண்டிப் போனேன்.

அடுத்தது 'பில்டு'. அது மனிதப் பிறவி இல்லை.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
எல்லோர் வேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுப் போகும்.
பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது.
அதைத் தொட்டு, அது நின்றுவிட்டால்
இங்கிருந்து ஆத்தூர் வரைக்கும்
ஜவ்வரிசி ஆலை வாசல்களில் எடைமேடைகள் நிற்கும்,
அவற்றின்மேல் லாரிகள் நிற்கும்.

ரெஜினா பிரசவ விடுப்பில்.
பெயரை எடுத்தால், திரும்பி வருகிற அன்று
கதவு திறக்காமல் நிற்பாள். முடியாது.

பிறகு தீர்த்தகிரி.
ஓசூர் போய்ப் பதினான்கு மாதம்.
கடைசி நாளில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தான்,
சாவி கொடுத்தான், அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.
இதைத் திருப்பி வாங்க நான்தான் மறந்துவிட்டேன்.
இன்னமும் அவன் பெயரில் பூட்டிக் கிடக்கிறது
எடை கணக்கிடும் கோப்பு.
பூட்டும்போது எழுதிய குறிப்பு:
"நாளைக்கு முடிச்சிடறேன்."

நீக்கு என்று அழுத்தினேன்.
இவர் சேர்க்காத மாற்றம் ஒன்று இருக்கிறது,
அதுவும் போய்விடும், சம்மதமா? என்றது.
திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி.
நூறு கிலோவுக்குக் குறைந்த மிச்சத்தைத் தள்ளும் வரியை
அவன் தள்ளியிருந்தான்.

போன் போட்டேன். பின்னால் ஏதோ எந்திரம் ஓடும் சத்தம்.
"அதுவா?" என்றான்.
"ஆலைக்காரங்க கேட்டு வச்சதாம், எடுக்காதேன்னாரு.
அழிக்க மனசு வரல. ஏத்த தைரியம் வரல.
பூட்டிட்டு வந்துட்டேன்."
கொஞ்ச நேரம் எந்திரம் மட்டும் பேசியது.
"உன் இஷ்டம்பா. நீதான அட்மின்."

சம்மதம் என்று அழுத்தினேன்.
பூட்டு விட்டது. இருபது பத்தொன்பது ஆனது.
பழைய வரிகளின் ஓரத்தில் அவன் பெயர் அப்படியேதான் இருக்கும்.
அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை.

கோகிலவாணி வந்தாள். ஏற்காடு தாண்டி நாகலூர்.
முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அடைத்த காதோடு,
நான் சொன்னதற்கெல்லாம் "என்னங்க்கா?" என்றாள்.
புதியவர்களுக்கு ஒரு மாதம் படிக்கும் அனுமதி மட்டும்.
எதையும் திருத்த முடியாது.
நான் போட்ட விதிதான்.
நாற்காலியைக் காட்டினேன், லாகின் கொடுத்தேன்,
அவளை மறந்துபோனேன்.

மூன்றே காலுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்த ஆரம்பித்தபோது
என் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.
"அக்கா, பதினாலாயிரத்து முன்னூத்தி எண்பது
எதுக்குப் பதினாலாயிரத்து முன்னூறு ஆகுது?
எண்பது கிலோன்னா
ஒரு மூட்டை குச்சிக்கிழங்குங்க்கா."

படிக்க மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தேன்.
படித்திருக்கிறாள்.

அவள் பெயருக்கு நேரே
'திருத்தலாம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது.
யுபிஎஸ் இன்னும் பத்து நிமிடம் தாங்கும்.