எட்டில் ஒன்று

வேட்புமனு நாளன்று
மீலோ டின்னோடு வந்து நின்றாள் நளாயினி.
உள்ளே ஐயாயிரம் வெள்ளி,
ஐந்தும் பத்துமாய், ரப்பர் வளையம் போட்டு,
மருத்துவமனையில் தரை துடைக்கும் பெண்கள்
மூன்று மாதம் சேர்த்தது.
நோட்டில் இன்னும் மருந்துத்தண்ணி வாசம்.
எண்ணிய அதிகாரி
இரண்டு முறை விரல் நனைத்தார்.
பக்கத்து மேசையில் இன்னொரு வேட்பாளர்
வங்கி வரைவோலை ஒன்றை
இரண்டு விரலால் நகர்த்திவிட்டுப்
படமெடுக்கத் திரும்பினார்.

நான் அவளுடைய எண்ணும் முகவர்.
மற்ற நாளில் பாயான் லெப்பாஸில்
இரவு ஷிஃப்டில் சில்லுகளை எண்ணுபவன்.
எனக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

பதினான்கு நாள்
ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் படியேறினோம்.
லிஃப்டை நம்பினால்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில்
பிரச்சாரம் முடிந்துவிடும்.
கக் ரொஹானி மலாயில் பேசினாள்,
ஆ ஹெங் ஹொக்கியனில் கெஞ்சினான்,
நளாயினி எந்த மொழியிலும்
முதலில் கேட்டது ஒன்றுதான்:
"சம்பளச் சீட்டு குடுக்குறாங்களா?"

சோசலிசம்னா என்ன ஆண்ட்டி என்றான் ஒரு பையன்.
குப்பை அறைக் கதவைத் திறந்து காட்டினாள்.
"பதினெட்டு மாடிக் குப்பையும் இங்கதான் விழுது.
அள்ளுற ஆளுக்குக் கையுறை இல்ல.
அதுல ஆரம்பிக்கிறது."
பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான்.
அவனுக்கு ஓட்டு வர இன்னும் ஐந்து வருடம்.

எண்ணும் இரவு.
நாற்காலிகள் ஒன்பது வயதுக்காரர்களுக்கானவை;
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து
ஒவ்வொரு சீட்டாய் உயர்த்திப் பார்த்தோம்.
யாரோ நாலு பேருக்கும் பெருக்கல் குறி போட்டு
ஓரத்தில் ஒரு பூ வரைந்திருந்தார்.
செல்லாது.
நல்ல பூ.

பதினொன்றரைக்குக் கூட்டல் முடிந்தது.
செல்லுபடியானவை பதினாறாயிரத்து நானூற்றெட்டு.
அதில் எட்டில் ஒன்று இருந்தால்
டின் காசு திரும்பும்.
இரண்டாயிரத்து ஐம்பத்தொன்று வேண்டும்.
எங்களிடம் இரண்டாயிரத்து முப்பத்தெட்டு.

பதின்மூன்று.

அந்தப் பதின்மூன்று பேரும் எங்கே என்று
எனக்குத் தெரியும்.
ஆற்றோரக் கம்பத்துக்குப் புல்டோசர் வந்த காலை
அதன் வாளிக்குள் ஏறி உட்கார்ந்தவள் இவள்.
பிறகு ஒன்பது வருட வழக்கு.
கடைசியில் நாற்பத்தொரு குடும்பத்துக்கும் வீடு,
மூன்று அறை, சொந்தப் பெயரில்,
கடலுக்கு அந்தப் பக்கம், பிறையில்.
மெத்தையும் சாமி படமும் ஏற்றிய லோரி
பாலத்தைக் கடந்தபோது
அடையாள அட்டையின் முகவரியும் கடந்தது,
ஓட்டும் கூடவே போனது.

ஜெயிச்ச வழக்குதான் நம்மளத் தோற்கடிச்சுது
என்றேன், பள்ளிக்கூட வாசலில்.
அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"அங்க நாலாவது மாடியில கூரை ஒழுகுதாம்.
சனிக்கிழமை போகணும், வர்றியா?"

விடிந்ததும் கொடி இறக்கக் கிளம்பினோம்.
இறக்கினால்
அதற்குக் கட்டிய மூவாயிரமாவது மிஞ்சும்.
அவள் ஏணியில், நான் கீழே.
இரண்டு வார மழையில்
சிவப்பு ரோஸ் சிரப் நிறத்துக்கு வந்திருந்தது.

ரொட்டி சானாய் போடுபவர்
மாவுக் கையோடு ஓடி வந்தார்:
"உங்களுக்குத்தாம்மா போட்டேன்."
மீன் விற்கும் அக்கா
தன் வீட்டில் நாலு ஓட்டு என்றாள்.
பாதுகாவலர் நேப்பாளி, ஓட்டே கிடையாது,
அவரும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்,
அவரை நான் சேர்க்கவில்லை.
வென்ற கட்சியின் கொடியை
அவிழ்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன்கூட
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.
விரல் மடக்கிக்கொண்டே வந்தேன்.
மதியத்துக்குள் பதினேழு.

"டெபாசிட் திரும்பிடுச்சு!" என்று
மேலே பார்த்துக் கத்தினேன்.
அவள் பல்லில் கயிறு.
சிரிக்க முடியவில்லை.
ஒரு காலால் என் தோளைத் தட்டினாள்:
ஏணியைப் பிடி.