கோஸ்தான்

பகாவில் கடல் இல்லை.
அலை பார்க்க ஆசைப்பட்டால்
போர்ட்டிக்சனுக்கு ஒன்றரை மணி நேரம்,
அதுவும் பள்ளி விடுமுறையில்,
வாடகை வேனில், பிரியாணிச் சட்டியோடு.

இருந்தும் செம்பனை ஆலை வாசலில்
நாள் முழுக்கக் கேட்கிறது:
கோஸ்தான்... கோஸ்தான்... கோஸ்தான்...
லாரிக்குப் பின்னால் நின்று
விரல்களை மடக்கி மடக்கி
தேவசகாயம் கத்துவார்.
குலை ஏற்றிய லாரி
முனகிக்கொண்டே பின்னால் வந்து
எடைமேடையில் ஏறும்.
கண்ணாடிக்கு இந்தப்புறம் நான் குறிப்பேன்:
பதினொரு டன், முந்நூற்று இருபது கிலோ.

மலாய்க்காரர் அதை மலாய் என்பார்.
பட்டறை லியோங், ஹக்கா என்று
ஒரு தே தாரிக் பந்தயம் கட்டுவார்.
எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.
அதுதான், இதுதான், கோஸ்தான்.
தமிழ் இல்லாமல் வேறென்ன?

ரஃபிக் வந்த முதல் நாளே சிரித்துவிட்டான்.
சிட்டகாங் கரையில்
ஆறு வருடம் கப்பல் உடைத்தவன்.
"அக்கா, இது கப்டன் பேச்சு.
கோ அஸ்டர்ன்.
கப்பலைப் பின்னால் எடு என்று அர்த்தம்."
நான் நம்பாத மாதிரி பார்த்திருப்பேன் போல.
எடைச்சீட்டின் முதுகில்
ஒரு கப்பல் வரைந்து
அதன் பிட்டத்தைக் குத்திக் காட்டினான்.

அன்றிரவு அகராதி புரட்டினேன்.
கப்பலின் பின்புறத்துக்குத் தமிழில் அமரமாம்.
எவ்வளவு அழகான சொல்.
மறுநாள் தேவசகாயத்திடம் கொடுத்தேன்.
அமரம், அமரம் என்று இரண்டு தரம் கத்தினார்.
டிரைவர் தலையை நீட்டி
"யார் செத்துட்டாங்க?" என்றான்.

போன வருடம்
பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின்
மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.
கோஸ்தான் அடிச்சிட்டாங்களாம் என்றது ஊர்,
சந்தையில், சலூனில், கோயில் வரிசையில்.
அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது அவர்களுக்கு.
எந்த மாலுமி எந்தத் துறையில்
முதலில் கத்தினானோ,
எனக்காகக் கத்தியிருக்க மாட்டான்.
லாரிக்காவது பின்னால் ஒருவர் நின்று
இன்னும் வா, இன்னும் வா,
போதும் என்று
பலகையில் இரண்டு தட்டு தட்டுகிறார்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே
அடுத்த எடையை எழுதி
சீட்டை நீட்டிவிட்டேன்.
வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான்
அதன் முதுகில் கப்பல் இருந்தது நினைவுக்கு வந்தது.
எண்ணெய் டாங்கர் அது,
பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு.
தேவசகாயத்தை ஓடிப்போய்க் கத்தச் சொல்லலாமா?

வேண்டாம். போகட்டும்.