மறதிக் கணக்கு

பழைய காஸ்டிங் ஷீட்டுகளின் பின்பக்கத்தில்
சிவப்பு மையில் எழுதி வருகிறேன்.

செப்டம்பர் பதினொன்று: ரிப் துணி எத்தனை ஜிஎஸ்எம் என்று
தரணீதரன் கேட்டபோது வாயடைத்தது. நாலு நொடி.
செப்டம்பர் இருபத்தாறு: பால்காரருக்கு
ஒரே மாதத்துக்கு இரண்டு தரம் காசு.
அக்டோபர் ஆறு, மாலை ஆறு இருபது:
புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் இறங்க மறந்து
அவிநாசி வரை போய்த் திரும்பினேன்.

வெசனமா இருக்கியா என்று சாந்தாமணியக்கா கேட்டாள்.
வெசனமெல்லாம் இல்லை,
ரோசனைதான் போய்விட்டது என்றேன்.

பத்தொன்பது வருஷமாகத் திருப்பூரில்
பனியனைக் கையில் தூக்கினாலே எடை சொல்லுகிறவள் நான்.
நூற்று அறுபது கிராம்.
டஜனுக்கு ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது.
எட்டு சதவீதம் கழிவு ஏற்றினால்
இரண்டு கிலோ எழுபத்து மூன்று, புள்ளி ஆறு.
இதை இங்கே எழுதுவதற்குள்
மூன்று தரம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
மூன்று தரமும் அதே விடை.
கால்குலேட்டர் பழுதோ என்னவோ.

போன வாரம் ஒரு ஆர்டர் ஷீட்டில்
எல்லா சைசுக்கும் மீடியம் எடையையே போட்டிருந்தார்கள்.
சொன்னேன். நாலு லட்சம் தப்பியது.
ஆளுக்கொரு தேங்காய் பன் வந்தது என் பெயரில்.
அது கண்ணில் பட்ட விஷயம்.
கண்ணில் படுவதற்கு மூளை எதற்கு?
பன்னை மேசை இழுப்பில் வைத்தேன்,
எறும்பு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
அதையும் எழுதினேன்.

குமரன் ரோட்டில், மாடி ஏறிப் போகும் கிளினிக்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
அறுபத்தைந்தில் போதுமுங்க என்றார்.
நான் நிறுத்தவில்லை.
முப்பது, இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது,
இரண்டு.
பாருங்கள், இரண்டு மிச்சம், என்றேன்.
நேராக முடியவில்லை.

பிறகு தாள்களைக் காட்டினேன். பதினேழு பக்கம்.
அவர் நிதானமாகப் படித்தார்.
அப்பப்பவே எழுதி வச்சீங்களா?
இல்லை, ஞாயிறு ராத்திரி, வாரத்துக்குச் சேர்த்து.
எதைப் பார்த்து?
எதையும் பார்க்காமல்தான்.
ஆறு இருபதுங்கறதுகூட?
ஆமாம் என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.
அவர் தாள்களை ஓரம் தட்டி அடுக்கி
என் பக்கமாகத் தள்ளிவிட்டு
மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

வளர்மதி பாலத்தில் பஸ் நின்றபோதுதான்
அவர் கேட்டது என்னவென்று புரிந்தது.
கீழே நொய்யலில் நுரை.
அரை மணி நேரம் கழித்துப் புரிவதற்குப் பெயர் என்ன?
மந்தம்.
தேதியோடு எழுதப் பேனாவை எடுத்தேன்.

மடிமேல் விரித்தபோது அக்டோபர் ஆறு கண்ணில் பட்டது.
இறங்க மறந்து என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான்.
ஆனால் அன்றைக்கு ஸ்டாப் தெரிந்தது.
எங்கள் வீதி முனை பேக்கரியின் போர்டு தெரிந்தது,
அதில் எரியாத ஒரு எழுத்து உட்பட.
கண்டக்டர் இரண்டு தரம் கூவினார்.
எழுந்து நிற்பதற்கு
ஒரு காரணம்தான் அகப்படவில்லை.

அந்த வரியை அடிக்கவில்லை.
பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்,
பென்சிலால்.